கேள்வி கேட்டதும் மைக்கை அணைத்துவிட்டார்கள்: பேராசிரியர்கள் அரசியல் பேசலாமா?

சாட்ஸ்வொர்த்_டீச்சர் (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமையிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரத்து மண்டபம் ஒன்றில் நவம்பர் 16 நினைவுக் கூட்டம். 1860-ல் அந்தத் தேதியில்தான் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரைக் கொண்டுவந்து இந்தத் துறைமுகத்தில் இறக்கியது. வருஷா வருஷம் விளக்கேற்றுவோம், தேவாரம் பாடுவோம், பிள்ளைகள் ஆடுவார்கள், வடையும் தேநீரும் உண்டு. இந்த வருஷம் ஒரு வரலாற்றுப் பேராசிரியரையும் அழைத்திருந்தார்கள்.

அருமையாகப் பேசினார். கப்பல் பதிவேட்டின் நகல்களை வரிசை வரிசையாகக் கொடுத்து அனுப்பினார். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், அப்புறம் உடம்பில் என்ன அடையாளம் என்று ஒரு பத்தி. என் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுபது வயதுக்காரர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. வலது கணுக்காலில் தழும்பு என்று இருந்தது. “யாரு பெத்த பிள்ளையோ” என்று மட்டும் சொன்னார். ஐந்து வருஷ ஒப்பந்தம், மாதம் பத்து ஷில்லிங்கில் ஆரம்பச் சம்பளம் என்று பேராசிரியர் சொன்னபோது மண்டபத்தில் ஒரு சத்தமில்லை.

கடைசியில் கேள்வி நேரம். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, “2021 ஜூலையில் ஃபீனிக்ஸில் செத்தவர்கள் பெயரையும் இப்படி யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?” என்று கேட்டான். பேராசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: முன்னாள் அதிபர் ஜூமா சிறைக்குப் போனதும் வெடித்த அந்தக் கலவரத்தில் மொத்தம் 350 பேருக்கு மேல் இறந்தார்கள், டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 30 பேருக்கு மேல், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள். நம் வீடுகளில் அந்த வாரத்தைப் பற்றிப் பேசும்போது நம் பயத்தைப் பற்றித்தான் பேசுகிறோம், அவர்கள் வீட்டுச் சாவைப் பற்றிப் பேசுவதில்லை. டர்பனில் ஆப்பிரிக்கர்கள் இந்தியர்களைத் தாக்கிய 1949 ஜனவரிக் கலவரத்தை நாம் எப்படி நினைவு வைத்திருக்கிறோமோ, அதே போல இதை அவர்கள் நினைவு வைத்திருப்பார்கள்.

அதற்குள் மைக் நின்றுவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் இருந்த நிர்வாகி ஒருவர் பெட்டியின் சுவிட்சை அணைத்ததை நானே பார்த்தேன். “வரலாற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள் புரொஃபசர், அரசியல் வேண்டாம்” என்றார். பேராசிரியர் கையிலிருந்த மைக்கை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். அதற்குள் முன்வரிசையில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேள்வி கேட்ட பையன் நின்றுகொண்டே இருந்தான்.

31 வருஷம் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் பதிலை முடிக்கவிட வேண்டும் என்பதுதான் நான் கற்ற முதல் பாடம். உங்களிடம் கேட்கிறேன்: வரலாறு, இலக்கியம், தத்துவம் படித்த பேராசிரியர்கள் பொதுமேடையில் இன்றைய அரசியல் பேசுவது தவறா?

---

லெனேசியாக்காரன் (ஜோகன்னஸ்பர்க்)

டீச்சரம்மா, மைக்கை அணைத்தது மரியாதை இல்லைதான். விருந்தாளியை அப்படி நடத்தக்கூடாது. ஆனால் அந்த நிர்வாகியின் பக்கம் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அவர் படித்தது 19-ஆம் நூற்றாண்டுக் கப்பல் பதிவேடு. அதில் அவர் சொல்வதை வாய் பொத்திக் கேட்பேன். 2021-ல் ஃபீனிக்ஸ் தெருவில் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடந்தது என்பது பதிவேட்டில் இல்லையே. அங்கே அவரும் நானும் ஒன்றுதான். ஆனால் பேர்முன்னால் ‘பேராசிரியர்’ என்று இருப்பதால் அவர் கருத்து தீர்ப்பாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த வாரம் எங்கள் கடை கொள்ளை போனது. 26 வருஷ உழைப்பு. போலீஸ் வரவில்லை. இதையெல்லாம் அனுபவித்தவர்கள் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில், மாதச் சம்பளம் தவறாமல் வரும் ஒருவர் வந்து “உங்கள் பயத்தை மட்டும் பேசுகிறீர்கள்” என்றால் வலிக்காதா? இன்று ஃபீனிக்ஸ், நாளை காசா, மறுநாள் தேர்தல். மண்டபத்துக்கு எல்லாக் கட்சிக்காரரும்தான் வருகிறார்கள்.

---

காவிரிக்கரை (மிட்ராண்ட்)

நான் தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வெளியாள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் ஊரில் அரசுக் கல்லூரிப் பேராசிரியர் வெளியில் அரசாங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டுமானால் நடத்தை விதிகளை எடுத்துக் காட்டுவார்கள். என் சித்தப்பா தமிழ்ப் பேராசிரியர். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உலக அரசியலை அலசுவார், மேடையேறினால் நற்றிணைக்கு அந்தப் பக்கம் போகமாட்டார். அவர் ஓய்வு பெற்ற மறுமாதம் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு நான் அசந்துபோனேன். இத்தனை வருஷம் இதையெல்லாம் உள்ளேயே வைத்திருந்தாரா என்று தோன்றியது. அவருடைய மாணவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை.

பக்கத்து மாநிலத்தில் கல்புர்கி என்று ஒருவர். கன்னடக் கல்வெட்டும், ‘வசனம்’ என்கிற பழைய கன்னடப் பக்திப் பாடல்களும் படித்தவர், ஹம்பிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். பழைய வசனங்களைப் படித்துத் தான் கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான். 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாட்டில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். பழையதைப் பேசு, இன்றையதைப் பேசாதே என்கிறோம். பழையதைப் பேசினாலும் சுடுகிறவன் சுடுகிறான். பழையது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

---

லெனேசியாக்காரன் (ஜோகன்னஸ்பர்க்)

தம்பி, அப்படிப்பட்டவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் பேராசிரியர் பேசினாலே நல்லது என்று யாரும் நினைக்கவேண்டாம். இந்த நாட்டுக்காரனாக ஒரு விஷயத்தை நினைவூட்டுகிறேன்.

ஹென்ட்ரிக் வெர்வூர்ட் யார்? ஸ்டெலன்பாஷ் பல்கலைக்கழகத்தில் முதலில் உளவியல் பேராசிரியர், பிறகு சமூகவியல் பேராசிரியர். 1937-ல் பத்திரிகை ஆசிரியராகி, அரசியலுக்குள் வந்து, 1958-ல் பிரதமரானார். இனஒதுக்கல் கொள்கையின் சிற்பி என்றே அவரைச் சொல்வார்கள். ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கான பான்டு கல்விச் சட்டத்துக்கு அடிப்படை போட்ட குழுவின் தலைவர் ஐஸலன் யார்? மானிடவியல் பேராசிரியர். ஆப்பிரிக்க மொழிகளும் பழக்கவழக்கங்களும் படித்தவர். அந்தப் படிப்பை வைத்துத்தான் ‘ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் கல்வி’ என்று எழுதிக் கொடுத்தார். 1953-ல் அது சட்டமானது.

எங்கள் அப்பா வீட்டைப் பிடுங்கிக்கொண்டு இந்தியருக்கென்று ஒதுக்கிய லெனேசியாவுக்குத் தள்ளிய கொள்கைக்கு மூளையாக இருந்தவர்களில் கலைப் பேராசிரியர்கள் உண்டு. அதனால் ‘படித்தவர் சொல்கிறார்’ என்ற ஒரே காரணத்துக்காகத் தலையாட்ட என்னால் முடியாது.

---

மில்காரர் (டர்பன், மெர்பேங்க்)

ஐயா சொன்ன வெர்வூர்ட் கதை உண்மை. அதை யாரும் மறக்கக்கூடாது. நான் அதற்கு மறுபக்கத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1972-ல் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு துணி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயது. சம்பளப் புத்தகம் என் கையில்தான். யாருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், வெளியில் சொல்ல முடியாது. ஒருநாள் சாயங்காலம் வாசலில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் நின்று தாள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சூலு மொழியில் அச்சடித்தது. என்னோடு பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு நெசவுக்காரர் அதை வாசித்து எனக்குச் சொன்னார். ஒரு குடும்பம் மாதம் உயிர் வாழ எவ்வளவு வேண்டும், சம்பள வாரியம் எப்போது கூடுகிறது, அங்கே தொழிலாளி என்ன கேட்கலாம் என்று இருந்தது. நான் மனசுக்குள்ளேயே என் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் ஆலையில் பாதிப் பேருக்கு அந்தத் தொகை வரவில்லை. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு அழுதார்கள். போலீஸ் வந்தால் என்ன செய்வாய் என்று.

1973 ஜனவரி 9-ஆம் தேதி கரோனேஷன் செங்கல் சூளையில் வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. மாசம் முடிவதற்குள் துணி ஆலைகளுக்கும் பரவியது. ஆப்பிரிக்கரும் இந்தியரும் ஒன்றாக வெளியே வந்தோம். 1949-ஐப் பார்த்த எங்கள் பெரியவர்களால் அதை நம்பவே முடியவில்லை.

அந்தத் தாள்களுக்குப் பின்னால் இருந்த மாணவர்கள் யாரிடம் படித்தவர்கள் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ரிக் டர்னர். நட்டால் பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவம் சொல்லிக் கொடுத்தவர். பாரிஸில் சார்த்தரின் தத்துவத்தைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். லெனேசியா ஐயா கேட்ட கேள்வியை அவரைப் பற்றியும் கேட்கலாம்: சார்த்தர் படித்தவருக்கு ஆலைச் சம்பளத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் ‘இது இப்படித்தான் இருக்கவேண்டுமா’ என்று கேட்கத் தெரிந்தது. அதைக் கேட்டதும் மாணவர்கள் கணக்கெடுக்கக் கிளம்பினார்கள். கணக்கு வந்ததும் தாள் வந்தது.

1973 பிப்ரவரியில் அவருக்குத் தடை உத்தரவு. ஐந்து வருஷம். வகுப்பு எடுக்கக்கூடாது, கூட்டத்தில் பேசக்கூடாது, அவர் சொன்னதை யாரும் அச்சிடக்கூடாது. அந்த ஐந்து வருஷம் முடியச் சில வாரங்களே இருந்தபோது, 1978 ஜனவரி 8 அன்று ராத்திரி, பெல்லேரில் அவர் வீட்டு ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். வீட்டில் அவருடைய 13 வயது மகள் இருந்தாள். அவள் மடியில்தான் உயிர் போனது. சுட்டவன் இன்றுவரை பிடிபடவில்லை. அவருக்கு வயது 36.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மடித்த இடமெல்லாம் கிழிந்துவிட்டது.

---

நல்லூரான் (கேப்டவுன்)

மில்காரர் ஐயா, வாசித்துவிட்டு வெகு நேரம் சும்மா இருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில் ராஜினி திராணகம மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர். கலைத்துறை இல்லைத்தான், ஆனால் கேள்வி அதே கேள்விதான். எல்லாத் தரப்பும் செய்த கொலைகளையும் பக்கம் பார்க்காமல் எழுதினார். 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டார்கள். ‘உனக்குரிய பாடத்தை மட்டும் படிப்பி’ என்று அவருக்கும் அன்று பலர் புத்தி சொன்னவர்கள்தான்.

கேப்டவுனில் நான் இருக்கும் இடத்துக்குக் கிட்ட பல்கலைக்கழகம். 1968-ல் ஆர்ச்சி மஃபெஜே என்ற மானிடவியலாளருக்கு அங்கே வேலை கொடுத்துவிட்டு, அரசாங்கம் மிரட்டியதும் பறித்துவிட்டார்கள். கறுப்பர் என்பதுதான் காரணம். மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். அவர் வெளிநாடு போய் ஆபிரிக்கா முழுக்க மதிக்கும் அறிஞரானார். அந்தக் கட்டடத்திலேயே இப்போது ஓர் அறைக்கு அவர் பெயர். கூட்டம் ஒன்றுக்காக அங்கே போனபோது பலகையைப் பார்த்தேன். வாய் திறக்கவிடாமல் அனுப்பியவரின் பெயரை நாற்பது வருஷம் கழித்துச் சுவரில் எழுதுவதை விட, அன்றைக்கே பேசவிட்டிருக்கலாம்.

---

ஒப்பந்த_விரிவுரையாளர் (டர்பன்)

நான் பல்கலைக்கழகம் ஒன்றில் கலைத்துறையில் வேலை பார்க்கிறேன். வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். பெயரும் இடமும் சொல்ல மாட்டேன், மன்னியுங்கள். உள்ளே இருப்பவள் என்ற முறையில் சில விஷயங்கள்.

முதலில் பணம். அங்கீகரித்த ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தால் பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் வரும். அதே விஷயத்தை ஊருக்குப் புரியும்படி பத்திரிகையில் எழுதினாலோ, சனிக்கிழமை மண்டபத்தில் வந்து பேசினாலோ ஒரு சதமும் இல்லை, பதவி உயர்வுக் கணக்கிலும் பெரிதாகச் சேராது. ஆகவே டீச்சர் கூட்டத்துக்கு வந்த பேராசிரியர் தன் ஓய்வு நேரத்தைக் கொடுத்து வந்திருக்கிறார். அவரை இனி எந்த மண்டபத்துக்குக் கூப்பிட்டால் வருவார்?

இரண்டாவது பயம். நிரந்தர வேலையில் இருப்பவர் பேசலாம். என்னைப் போன்றவர்களுக்கு அப்படி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நம் வீடுகளையும் சேர்த்துத்தான் எழுதினேன். வந்த மின்னஞ்சல்களை என் கணவருக்குக்கூடக் காட்டவில்லை. மேலே இருந்த ஒருவர் கூப்பிட்டு, “ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம், கொஞ்சம் பார்த்துக்கொள்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் அடுத்த கட்டுரையை அனுப்பவில்லை. அது இன்னும் கணினியில் கிடக்கிறது.

சட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது. 1996 அரசியல் சட்டத்தின் 16-ஆவது பிரிவு கருத்துரிமையைச் சொல்லும்போதே கல்விச் சுதந்திரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. போர்ப் பிரசாரம், உடனடி வன்முறையைத் தூண்டுவது, இனம், பால், மதம் சார்ந்த வெறுப்பைக் கிளறித் தீங்கு செய்யத் தூண்டுவது ஆகியவற்றுக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. 

இப்போது லெனேசியா அண்ணாவின் வெர்வூர்ட் கேள்விக்கு வருகிறேன். இந்த இழையிலேயே கனமான கேள்வி அதுதான். வெர்வூர்டும் ஐஸலனும் படித்தவர்கள், பேசினார்கள். சரி, டர்னரிடமிருந்து அவர்கள் எங்கே வேறுபடுகிறார்கள்? கருத்து வேறு என்பது ஒருபுறம். நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது, அவர்கள் யாரைப் பற்றிப் பேசினார்களோ அந்த மக்கள் எழுந்து பதில் சொல்ல வழியே இல்லை. ஓட்டு இல்லை, பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. 1959 சட்டம் வந்தபிறகு இனத்துக்கு ஒரு கல்லூரி. நம் பிள்ளைகளை 1961-லிருந்து சாலிஸ்பரி தீவில் பழைய கடற்படைக் கொட்டகைகளில் உட்காரவைத்தார்கள். எதிராளி கிடையாது, கேள்வி கிடையாது. அந்தச் சட்டம் வந்தபோது ஃபோர்ட் ஹேர் கல்லூரியில் இருந்த இசட். கே. மேத்யூஸ் ஓய்வூதியம் போனாலும் போகட்டும் என்று வேலையை விட்டுவிட்டு வந்தார். அவரும் மானிடவியலும் சட்டமும் படித்தவர்தான்.

1917-ல் மியூனிக்கில் ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வேபர் மாணவர்களிடம் இதைப் பேசியிருக்கிறார். வகுப்பறையில் மாணவன் வாயைத் திறக்க முடியாது, அங்கே உன் அரசியலைத் திணிக்காதே, பேசவேண்டுமென்றால் வெளியே போ, உன்னை எதிர்த்துப் பேச முடிகிற இடத்தில் பேசு என்பது அவர் வாதம். எனக்கு இது எப்போதும் சரியாகவே படுகிறது. வகுப்பில் நான் என் கட்சியைச் சொல்வதில்லை. வெளியில் சொல்வேன், ஆனால் கேட்பவர் என்னைக் குறுக்கே மறிக்க வேண்டும். டீச்சர் சொன்ன கூட்டத்தில் அதுதானே நடந்திருக்க வேண்டியது? கேள்வி கேட்டது ஒரு பையன். பதில் வந்தது. அடுத்து லெனேசியா அண்ணா எழுந்து, என் கடை போனதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தவர் பேராசிரியரின் வாயை மட்டும் அடைக்கவில்லை, உங்கள் வாயையும் சேர்த்துத்தான் அடைத்தார்.

---

காவிரிக்கரை (மிட்ராண்ட்)

அக்கா, கணினியில் கிடக்கும் அந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதி இங்கே போடுங்கள். பெயர் இல்லாமலே.

---

ஃபீனிக்ஸ்_அம்மா (டர்பன்)

நான் இதுவரை இங்கே எழுதியதில்லை, படிப்பதோடு சரி.

அந்த வாரம் நான் ஃபீனிக்ஸில்தான் இருந்தேன். எங்கள் தெரு முனையில் டயரும் பழைய ஃப்ரிட்ஜும் போட்டு மறித்தார்கள். என் வீட்டுக்காரரும் போய் நின்றார். நான் இரண்டு பிளாஸ்க் நிறைய டீ போட்டுக் கொடுத்தேன். கடைகளில் ரொட்டி இல்லை. பாலும் தீர்ந்துவிட்டது. தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைப்பேன். இது நிஜம்.

எங்களிடம் 11 வருஷமாகத் துணி துவைக்க வந்துகொண்டிருந்த அம்மாவின் தம்பி மகன் அந்த வாரம் வேலை முடிந்து நடந்து போனவன் திரும்பி வரவில்லை. எந்த மறியலில், யார் கையால் என்று எனக்குத் தெரியாது. அதுவும் நிஜம். அதற்குப் பிறகு அந்த அம்மா ஒரே ஒரு முறை வந்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள், உள்ளே வரவில்லை. நான் டீ கொண்டுபோய் வைத்தேன். அது ஆறிப்போய் ஏடு படிந்ததுதான் மிச்சம்.

மனித உரிமை ஆணையம் 2021 நவம்பரில் டர்பனில் விசாரணை நடத்தியபோது போய்ச் சொல்ல வேண்டுமென்று நினைத்தேன், வீட்டில் விடவில்லை. எனக்கு இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லத் தெரியவில்லை. பயந்ததைச் சொன்னால் அவர்களை மறந்ததாகிறது. அவர்களைச் சொன்னால் என் தெருவைக் காட்டிக்கொடுத்ததாகிறது. படித்தவர்கள் யாராவது வந்து இதை எப்படிச் சொல்வது என்று சொல்லித் தரட்டும். அரசியல் என்றால் அரசியலாகவே இருக்கட்டும்.

---

நெறியாளர்

இந்த இழையில் 2021 நிகழ்வுகள் பற்றி எழுதுபவர்கள் யாருடைய பெயரையும் தெருவையும் எழுத வேண்டாம். இரண்டு மறுமொழிகளை அந்தக் காரணத்தால் நீக்கியிருக்கிறேன். இழை திறந்தே இருக்கும்.

---

சாட்ஸ்வொர்த்_டீச்சர் (டர்பன்)

ஃபீனிக்ஸ் அம்மா, உங்கள் வரிகளைப் படித்தபிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. எழுதியதற்கு நன்றி.

பேராசிரியர்கள் எப்படிப் பேசவேண்டும் என்று கேட்டால் எனக்கு ஃபாத்திமா மீர்தான் நினைவுக்கு வருவார். டர்பனில் பிறந்தவர், நட்டால் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் சொல்லிக் கொடுத்தவர். தடை உத்தரவு, 1976-ல் விசாரணையில்லாமல் சிறை, எல்லாம் பட்டவர். விடுதலை வந்தபிறகு ஓய்வெடுத்திருக்கலாம். 1999 தேர்தலுக்கு முன்னால், டர்பனில் இந்தியர் பகுதியான எங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார்கள். இந்தியர்கள் பழைய வெள்ளைக்காரக் கட்சிகளுக்கு ஓட்டுப் போடாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் அவரும் அவர் நண்பர்களும் வந்தது. அதாவது நமக்குப் புத்தி சொல்ல வந்தார்கள்.

வந்து பார்த்தால் அடுக்குமாடிகளில் வாடகை பாக்கி, தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, சாமான்களைத் தூக்கி வெளியே வைக்கிறார்கள். ஆலைகள் மூடி, வேலை போன பெண்கள். ஜனங்கள் அவரிடம் நேருக்கு நேர் கேட்டார்கள்: ஓட்டைப் பற்றிப் பேசுகிறாயே, இதற்கு என்ன சொல்கிறாய் என்று. எழுபது வயதில், தான் பாடுபட்டுக் கொண்டுவந்த ஆட்சிக்கு எதிராகவே அந்த ஜனங்களோடு போய் நின்றார். அந்த மாடிகளில் ஆப்பிரிக்கக் குடும்பங்களும் இருந்தன. அவர்களை வெளியேற்ற வந்தபோதும் நம் பெண்கள் படிக்கட்டில் உட்கார்ந்து மறித்தார்கள்.

நான் அப்போது பக்கத்துப் பள்ளியில் இருந்தேன். பேவியூவில் ஒரு படிக்கட்டில் அவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அவர் யாரையும் “ஒவ்வொருவராகப் பேசுங்கள்” என்று சொல்லவில்லை. பேனா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. முட்டியில் வைத்து எழுதியதால் தாள் நழுவி நழுவி விழுந்தது, ஒரு சின்னப் பெண் எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

ஆக, லெனேசியா தம்பி, படிப்பு ஒருவரைத் தீர்ப்பு சொல்லும் இடத்தில் உட்காரவைக்காது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அவர் பேசட்டும், நாம் மறுத்துப் பேசுவோம், தேவைப்பட்டால் அவர் கருத்தை மாற்றிக்கொள்ளட்டும். மீர் அம்மா மாற்றிக்கொண்டார்.

---

நல்லூரான் (கேப்டவுன்)

மொழியைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். டீச்சரின் கூட்டத்தில் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்திருக்கும். இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் தமிழ் என்ற பெயரே இருக்கிறது, வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாக. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் ஒரு காலம் தமிழ் படிப்பித்தார்கள். அந்தத் துறை மூடப்பட்டது. இன்றைக்கு நாட்டு நடப்பைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு பேராசிரியரைத் தேடினால் எங்கே போவது?

---

மில்காரர் (டர்பன், மெர்பேங்க்)

தமிழ் இருக்கட்டும் தம்பி. எனக்கு அந்தத் தாளை வாசித்துச் சொன்ன நெசவுக்காரர் சூலுவில் வாசித்தார். ஃபீனிக்ஸ் விஷயத்தைப் பேசும் கூட்டத்தில் சூலு பேசுகிறவர்களும் உட்கார வேண்டும். அவர்கள் இல்லாமல் நாமே பேசிக்கொண்டால், ஒப்பந்த விரிவுரையாளர் சொன்ன அதே குற்றம் நம்மேலும் வரும்.

---

லெனேசியாக்காரன் (ஜோகன்னஸ்பர்க்)

ஃபீனிக்ஸ் அம்மா எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

என் கருத்து முழுசாக மாறவில்லை. பேராசிரியர் மேடைக்கு வரும்போது, இது நான் ஆராய்ந்து கண்டது, இது என் சொந்த அபிப்பிராயம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கப்பல் பதிவேட்டைப் பற்றிச் சொன்ன அதே குரலில் ஜூலையைப் பற்றியும் சொன்னால் கேட்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. டாக்டர் மருந்துச் சீட்டையும் தன் மகன் கல்யாணப் பத்திரிகையையும் ஒரே தாளில் எழுதித் தருவதில்லையே. உலக நீதிமன்றத்தில் இந்த நாடு இஸ்ரேல்மீது வழக்குப் போட்டு 2024 ஜனவரியில் வாதாடியபோது சட்டப் பேராசிரியர் ஜான் டுகார்டும் அந்தக் குழுவில் இருந்தார். அவர் வாழ்நாள் முழுக்கப் படித்தது சர்வதேச சட்டம். அதை நான் உட்கார்ந்து பார்த்தேன், மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. அப்படிப் பேசட்டும்.

ஆனால் மைக்கை அணைத்தது தவறு. அதை இப்போது ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். என் கேள்வியைக் கேட்க எனக்கு இடம் வேண்டும்.

---

ஒப்பந்த_விரிவுரையாளர் (டர்பன்)

அண்ணா, பிரித்துச் சொல்ல வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. நானும் இனி அப்படியே செய்கிறேன். ஒரு சிக்கல் மட்டும்: டீச்சர் சொன்ன பேராசிரியர் 1949-ஐயும் 2021-ஐயும் சேர்த்துப் பேசியது அவர் துறைக்கு வெளியே இல்லை. 1949-ல் 142 பேர் இறந்தது போன்ற ஒரு கலவரத்தை இரண்டு சமூகங்கள் எப்படி வெவ்வேறாக நினைவு வைத்துக்கொள்கின்றன என்பதே வரலாற்றுக்காரரின் வேலைதான். எங்கே ஆராய்ச்சி முடிகிறது, எங்கே அபிப்பிராயம் ஆரம்பிக்கிறது என்று அவரிடமே கேட்க வேண்டும்.

காவிரிக்கரை தம்பி, கட்டுரையைத் தமிழில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். ‘வீட்டுவேலைக்காரி’ என்று எழுதுவதா வேண்டாமா என்பதிலேயே ஒரு ராத்திரி போய்விட்டது.

---

சாட்ஸ்வொர்த்_டீச்சர் (டர்பன்)

பேராசிரியரிடம் தொலைபேசியில் பேசினேன். வருகிறேன் என்றார். மண்டபம் கிடைக்காது, கேட்டுப் பார்த்துவிட்டேன். என் வீட்டு கராஜில் வைத்துக்கொள்ளலாம், காரை வெளியே நிறுத்தினால் நாற்பது பேர் உட்காரலாம். டிசம்பர் முதல் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பேச்சு இருபது நிமிஷம், மற்றதெல்லாம் கேள்விக்கு. மைக் கிடையாது. பின்வரிசைப் பையனின் அம்மாவைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டேன், அவனும் வருவான்.

சூலுவில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். மில்காரர் ஐயா, உங்களால் முடியுமா? ஃபீனிக்ஸ் அம்மா, நீங்கள் வந்தால் என் பக்கத்தில் உட்காருங்கள். பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

---

மில்காரர் (டர்பன், மெர்பேங்க்)

என் சூலு ஆலைச் சூலு, பெரிய வார்த்தைகள் வராது. என் மருமகள் பள்ளியில் சூலு சொல்லிக் கொடுக்கிறாள், அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். தாளையும் கொண்டு வருகிறேன்.

---

ஃபீனிக்ஸ்_அம்மா (டர்பன்)

வருகிறேன். அந்த அம்மாவையும் கேட்டுப் பார்க்கிறேன். வருவார்களா தெரியாது.

---

லெனேசியாக்காரன் (ஜோகன்னஸ்பர்க்)

வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினால் காலையில் டர்பன் வந்துவிடலாம். கடையில் மடக்கு நாற்காலி இருபது இருக்கிறது, வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன். டீச்சரம்மா, கராஜ் வாசல் எவ்வளவு அகலம் என்று சொல்லுங்கள்.